நூறு பேரைத் தொகுக்கப் போகிறவர்களுக்கு

சேவூரில் சென்ற மாதம் கூடிய நண்பர்கள் ஒரு தீர்மானம் செய்திருக்கிறார்கள். அவிநாசி, சேவூர், புளியம்பட்டி வட்டாரத்துப் பனியன் தொழிலாளர்கள், விசைத்தறிக்காரர்கள் என்று நூறு பேரை எழுதவைத்து, ஆறு மாதத்தில் ஒரு பெருந்தொகுப்பாகக் கொண்டுவருவதென்று. வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டது. அட்டைப்படம் தயார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பார்த்தாயிற்று. யார் தலைமை, யார் வாழ்த்துரை என்பதும் முடிவாகிவிட்டது. எழுத்து மட்டும்தான் இன்னும் வரவில்லை. அது வந்துவிடும், ஆளுக்கு இரண்டு பக்கம்தானே என்கிறார்கள்.

இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போட்டுக்கொள்வது நம் வழக்கம். நான் சந்தேகிப்பது அந்த நல்லெண்ணத்தைத்தான்.

நூறு என்ற எண் எங்கிருந்து வந்தது? யாரும் நூறு பிரதிகளைப் படித்துவிட்டு, இவை நூறும் நிற்கும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை முதலில், தேதி அடுத்து, சரக்கு கடைசியில். இது பனியன் கம்பெனியின் நடைமுறை. அங்கே வெளிநாட்டுக்காரன் இத்தனை பீஸ், இந்தத் தேதிக்குக் கப்பல் ஏற வேண்டும் என்கிறான். பிறகு அது கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று இறங்கி, ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் தான் தைக்கிற கை யார் சட்டைக்குப் போகிறது என்று அறியாமல் முடிகிறது. ஆனால் கம்பெனியில்கூடச் சாம்பிள் என்று ஒன்று உண்டு. ஒரு பீஸ் தைத்து, அளவு பார்த்து, அப்ரூவல் வந்த பிறகுதான் மொத்தத் துணியில் கத்தி வைப்பார்கள். நம் நண்பர்கள் சாம்பிள் பார்க்காமலே ஆர்டர் எடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் பீஸ் ரேட்டாவது உண்டு; இங்கே அதுவும் இல்லை. எழுதுகிறவர்களுக்கு ஒரு பிரதி இலவசம், மேற்கொண்டு வேண்டுமானால் கழிவு விலையில் வாங்கிக்கொள்ளலாமாம். நூறு பேர் ஆளுக்கு ஐந்து பிரதி வாங்கினால் அச்சுச்செலவு கட்டிவிடும் என்று ஒருவர் கணக்கும் போட்டுச் சொன்னார். ஆக, எழுத்தைக் கொடுப்பதும் தொழிலாளி, புத்தகத்தை வாங்குவதும் தொழிலாளி, மேடையில் உட்காருவது நாம்.

இதைவிட என்னை உறுத்துவது அழைப்பின் வாசகம். "உங்கள் வேதனைகளை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் வேதனைகளை? ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்புகிற ஒரு பெண், தன் பாட்டி வளர்த்த வெள்ளாட்டைப் பற்றியோ, வாலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் மத்தியான வேளையில் படிகிற நிழலைப் பற்றியோ, முழுக்கக் கற்பனையாக ஒரு பேய்க்கதையோ எழுத ஆசைப்படக்கூடாதா? நகரத்துக் கவிஞனுக்கு உலகம் முழுவதும் விஷயமாகலாம், சேவூர்க்காரிக்கு மட்டும் அவள் முதுகுவலிதான் விஷயம். இப்படிக் கேட்பவர்கள் தேடுவது படைப்பாளியை அல்ல, வாக்குமூலம் கொடுக்கிற சாட்சியை. வாக்குமூலம் வேண்டுமென்றால் அதற்கு வேறு சிரத்தை வேண்டும், வேறு படிப்பு வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கேள்வித்தாளோடு போகிற நம் நண்பர்களில் எத்தனை பேர் அதைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்வார்கள்? எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர் அந்த நாட்களில் கடையில் அரிசி கடன் சொன்னவராக இருக்கலாம். அவரிடம் போய் முதல் கேள்வியாக, "உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது?"

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவில் 1935-ல் அரசாங்கமே ஒரு எழுத்தாளர் திட்டம் தொடங்கி, வேலையில்லாமல் இருந்த எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. கூலி கொடுத்தார்கள் என்பதை நம் நண்பர்கள் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் திட்டத்தில், முன்னாள் அடிமைகளாக இருந்த கறுப்பின முதியவர்கள் 2000-க்கும் அதிகமானோரின் நினைவுகள் எழுதி எடுக்கப்பட்டன. பெரும் பொக்கிஷம். ஆனால் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கிழவர்கள் அவர்கள் முன்னால் எதைச் சொன்னார்கள், எதை விழுங்கினார்கள், பேச்சைக் கொச்சையாக எழுத்துக்கூட்டிக் காட்டியதில் எவ்வளவு கேட்டவரின் கைவேலை என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே என்ன நடக்கும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பையன்களை மேஸ்திரி வழியாகப் பிடித்து, அவர் பக்கத்தில் நிற்கும்போதே பேசவைத்து, தெரிந்த இந்தியில் பாதி புரிந்துகொண்டு, மீதியை நம் தமிழில் இட்டு நிரப்பி, "ஒரு புலம்பெயர் தொழிலாளியின் குரல்" என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். யாருடைய குரல் அது? காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தை விற்கும்போது கம்பெனி லேபிளை வெட்டிவிட்டு விற்பதுண்டு. அதாவது வியாபாரம், அதற்குக் காரணமும் உண்டு.

தொழிலிலிருந்து எழுத்து வராது என்பதல்ல என் வாதம். மராத்தியில் நாராயண் சுர்வே பம்பாய் மில் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, கூலிவேலை பார்த்து, 1966-ல் தன் 'மாஜே வித்யாபீட்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அவரை யாரும் திட்டம் போட்டுத் திரட்டவில்லை. நம் பக்கமும் அப்படித்தான். சாயக்கழிவு நொய்யலைக் கொன்றதற்காக உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது 2011-ல். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' வந்தது 1998-ல். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' 2004. இரண்டு நாவல்களைப் பற்றியும் எனக்குப் புகார்கள் உண்டு, அவற்றை வேறொரு சமயம் பேசலாம். ஆனால் அவை ஒரு மனிதன் வருஷக்கணக்கில் தனியாக உட்கார்ந்து செய்த காரியங்கள்.

அப்படியானால் கூடிச் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். எவ்வளவு முடியும் என்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொண்ட காரியம் அது. அந்த வரம்பைத் தொடுகிற பாக்கியம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை; சந்தாதாரர்கள் சில நூறைத் தாண்டவில்லை. இருந்தும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. திருகோணமலையிலிருந்து இருபதைத் தாண்டியிருந்த ஒரு பையன் கவிதையும் விமர்சனமும் அனுப்புகிறான். இலங்கை வட்டாரக் குரல் என்றோ, இளைஞர் பகுதி என்றோ ஒரு மூலை ஒதுக்கி அவனைப் போடவில்லை செல்லப்பா. பெரியவர்களுக்குச் சமமாகப் போட்டார். தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், இப்படித்தான் வந்தார். அந்த இதழில் மூன்றாண்டுக்கும் மேல் வெளியானவற்றைச் சலித்துத்தான் 1962-ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது: 24 பேர், 63 கவிதைகள். இன்றைக்கும் அது பேசப்படுகிறது. எண்ணிக்கை கடைசியில் வந்ததைக் கவனிக்க வேண்டும். பிறகு அவர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற கதை எல்லாருக்கும் தெரியும்; அதைச் சொல்லிக் கண்கலங்குவது நமக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கண்கலங்குகிறவர்களில் சந்தா கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிடக்கூடாது.

தொழிலாளி நடத்திய பத்திரிகை வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்தவர். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தன் ஜோசப் சலூனிலிருந்தே கொண்டுவந்தார். கையில் பிரதிகளை வைத்துக்கொண்டு தெருவில் தானே விற்றார். யுத்தம் வந்தது, கொழும்புக்குப் பெயர்ந்தார், பத்திரிகை நிற்கவில்லை. 2012 வரை சுமார் 400 இதழ்கள். அவரைப் பார்த்து யாராவது "உங்கள் வேதனையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம் கோவையிலேயே 1971-ல் வானம்பாடிகள் எழுந்தார்கள். விலையிலாக் கவிமடல் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். பத்தாண்டுக்குள் கருத்து வேற்றுமையில் பிரிந்தார்கள். பிரிந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. எதற்காக எழுதுவது, யாரோடு நிற்பது என்று சண்டையிட்டுப் பிரிவது கௌரவமான முடிவு. நம் தொகுப்பு முயற்சிகள் பிரிவது அழைப்பிதழில் பெயர் எந்த வரிசையில் வந்தது என்பதற்காக.

சேவூருக்கு விமர்சனக் கொள்கை வெளியூரிலிருந்து வரவேண்டிய அவசியமில்லை. இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு விவசாயியின் மூட்டையும் தனியாக நிற்கிறது. வியாபாரிகள் கையை விட்டு அள்ளுகிறார்கள், காயை உடைக்கிறார்கள், பருப்பை வாயில் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று குவிண்டாலுக்கு விலை மாறுகிறது. எல்லார் மூட்டையையும் ஒரே குவியலாகக் கொட்டி, "இது சேவூர்க் கடலை, மண்ணின் மணம், தரம் பார்ப்பது பாவம்" என்று எவனாவது சொன்னால் அங்கே அடிதடியாகிவிடும். விலைக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் எழுந்திருப்பார். உட்காரட்டும். நான் பேசுவது அந்த உடைத்துப் பார்க்கும் கையைப் பற்றி. கடலைக்குக் கிடைக்கிற அந்தக் கவனம், ஒரு கைமடிக்கிற பெண் நோட்டில் எழுதித் தருகிற கதைக்கு நம்மிடம் கிடைப்பதில்லை. "அருமை, இப்படியே எழுதுங்கள் அம்மா" என்று சொல்லி அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். தொழிலாளி எழுதினார் என்பதற்காக ஒன்றைப் பிரசுரிப்பது, தொழிலாளி எழுதினார் என்பதற்காக ஒன்றை நிராகரிப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த அவமதிப்பில்லை. இரண்டிலும் பிரதி படிக்கப்படவில்லை.

ஆகவே, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு. மண்டபத்தைக் கைவிடுங்கள், அட்டைப்படத்தை எடுத்து வையுங்கள். படித்துப் பதில் எழுதத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். நான்கு பேர்தான் என்றால், மாதம் ஆளுக்கு மூன்று பிரதியைத்தான் ஒழுங்காகப் படிக்கமுடியும். ஆக மாதம் பன்னிரண்டுக்கு மேல் கேட்டு வாங்காதீர்கள். வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்துக்குள் பதில் போகவேண்டும், எந்த இடத்தில் கதை நின்றது, எந்த இடத்தில் விழுந்தது என்று வரியைச் சுட்டி. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதவேண்டும், காரணத்தோடு. நம்மிடமே நோட்டுப்புத்தகம் கொடுத்து, இரண்டு வருஷமாகியும் பிரசுரமும் இல்லாமல், நோட்டும் திரும்பாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது எதையும் யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரே பிரதிதான் வைத்திருப்பார்கள் என்பது நம் மூளைக்கு எட்டுவதேயில்லை. பெற்றுக்கொண்ட அன்றே போட்டோ எடுத்துக்கொண்டு நோட்டைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம், இதற்குப் பெரிய ஸ்தாபனம் வேண்டாம்.

எழுத்துநடையைத் திருத்துவதென்றால் எழுதியவர் எதிரில் உட்கார்ந்து திருத்துங்கள். "போட்டுட்டு" என்பதை "போட்டுவிட்டு" என்று மாற்றும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? மாற்றாமல் விடுவது அவருக்குச் சங்கடமா என்றும் அவரைத்தான் கேட்கவேண்டும். சிலர் தங்கள் கதை நல்ல எழுத்துத்தமிழில் வரவேண்டும் என்று விரும்புகிறார்கள். கொங்கு வழக்கு வேண்டுமென்று அடம்பிடிப்பது பெரும்பாலும் நாம்தான். பெயர் போடலாமா, கம்பெனியில் தெரிந்தால் வேலை போகுமா என்பதை அச்சுக்கு முந்தின நாள் கேட்காமல் முதல் நாளே கேளுங்கள்.

கூட்டம் வைக்கும் நேரம் இன்னொரு விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம். சம்பளத்தை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிறவரை நிறுத்தி இலக்கியம் பேசாதீர்கள். ஞாயிறு மத்தியானம் துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடி வந்தால் ஞாயிறும் இல்லை. ஆகவே கூட்டமே வேண்டியதில்லை, பிரதியும் பதிலும் கைமாறினால் போதும் என்பது என் கட்சி. நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், கூட்டமில்லாமல் இலக்கியம் எப்படி என்பார்கள்.

பணம். ஒவ்வோர் இதழிலும் கடைசிப் பக்கத்தில் வரவு செலவு போடுங்கள், காகிதம் இவ்வளவு, அச்சு இவ்வளவு, தபால் இவ்வளவு என்று. எழுதியவருக்கு ஐந்து பிரதி இலவசமாகக் கொடுக்க முடியாத பத்திரிகை எட்டுப் பக்கத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். புரவலர் தேடி ஏற்றுமதியாளர் சங்கத்துக்குப் போவது பற்றி ஒரு யோசனை வந்தது. போகிறவர்கள், சாயப்பட்டறை பற்றி ஒரு கதை வந்தால் என்ன செய்வதென்று போவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இவ்வளவு கறாராக இருந்தால் யார் எழுத வருவார்கள் என்று கேட்கிறார்கள். நாலு பேர் வரலாம். ஒருவரும் வராமலும் போகலாம், அப்போது இதழ் வெளிவராது, நாமும் நம் வேலையைப் பார்க்கலாம். நூறு பேர் எழுதி ஒருவரும் படிக்காத புத்தகம் வருவதற்கு இது மேல் என்பது என் அபிப்பிராயம். தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி நண்பர்களிடம் எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன். பதில் வந்தால், எனக்கு எதிராக இருந்தாலும், இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.