பாறையின் எண்ணெயா, நம் கை எண்ணெயா?



சுடர்ச் சோதனை செய்து பார்த்திருப்பீர்கள். உப்பில் சோடியம் இல்லாதபோதும் சில வேளை சுடர் மஞ்சளாக எரியும். காரணம் என்ன? கம்பியை விரலால் தொட்டிருப்பீர்கள். வியர்வையிலுள்ள உப்பு அதில் ஒட்டியிருக்கும். இந்தச் சிறு தவறு பள்ளி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. உலகின் மிகப் பழைய பாறைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கும் இதே சிக்கல் நேர்ந்தது.

உயிரினங்கள் மடிந்து சேற்றில் புதையும்போது அவற்றின் பெரும்பகுதி அழுகிப் போகிறது. மிகச் சிறு பகுதியே களிமண்ணோடு இறுகிப் படிவுப் பாறையில் தங்குகிறது. வெப்பமும் அழுத்தமும் உயிரின் உருவத்தை அழித்தாலும், சில மூலக்கூறுகளின் கார்பன் சட்டகம் நெடுங்காலம் சிதையாமல் நிற்கும். 1930-களில் ஜெர்மன் வேதியியலறிஞர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் பெட்ரோலியத்தில் பார்ஃபிரின் என்னும் பொருளைக் கண்டார். அதன் அமைப்பு இலைப் பச்சையத்தின் அமைப்பை ஒத்திருந்தது. பெட்ரோலியம் உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. எலும்பைப் போல மூலக்கூறும் ஒரு புதைபடிவம் ஆகலாம் என்பது தெளிவாயிற்று.

நம் செல்களின் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. அது பாறையில் ஸ்டிரேன் என்னும் பொருளாக எஞ்சும். பலவகை ஸ்டிரேன்கள் ஒரு பாறையில் கிடைத்தால், உட்கரு உடைய செல்கள் அக்காலத்தில் வாழ்ந்தன என்று கொள்ளலாம்.

1999-இல் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜோக்கன் பிராக்ஸும் மற்ற மூவரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் ஸ்டிரேன்களைக் கண்டதாக அவர்கள் கூறினர். நமது உயிர்க்குலத்தின் வயது ஒரே நாளில் பல கோடி ஆண்டுகள் கூடிவிட்டது!

ஆனால் ஐயம் ஓயவில்லை. அந்த எண்ணெய் பாறையுடன் பிறந்ததா, பின்னால் வந்து புகுந்ததா? 2008-இல், பாறைக்குள் சிறைப்பட்ட கரிமப் பொருளின் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தனர். பிரித்தெடுத்த எண்ணெயின் விகிதத்தோடு அது பொருந்தவில்லை. 2012-இல் அதே பில்பராவில் எண்ணெய் மாசு படாதபடி மிகுந்த கவனத்தோடு புதிதாகத் துளையிட்டனர். பாறைத் துண்டுகளை வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே சோதித்தன. வெறும் கருவியையும் கரைப்பானையும் மட்டும் வைத்து வெற்றுச் சோதனையும் செய்தனர். 2015-இல் முடிவு வெளிவந்தது: அப்பாறைகளுக்கே உரிய ஸ்டிரேன் எதுவும் இல்லை. முன்பு கண்டது மாசு.

இதில் நான் போற்றுவது எதை? 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய நால்வரில் மூவர் 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தங்கள் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே சோதித்து, தவறு என்று உலகறியச் சொன்னார்கள்.

இதனால் அவர்கள் தாழ்ந்துவிட்டார்களா? இல்லை. அந்தக் கவனம் பின்னர் பெரும்பயன் தந்தது. ரஷ்யாவின் வெண்கடற் கரையில் கிடைத்த டிக்கின்சோனியா என்னும் புதைபடிவம் விலங்கா, வேறொன்றா என்று பல காலம் வாதிட்டு வந்தனர். 2018-இல் பிராக்ஸ் இடம்பெற்ற குழு, படிவத்தின் மேலிருந்த மெல்லிய கரிமப் படலத்தையும் அருகிலிருந்த பாறையையும் தனித்தனியே சோதித்து ஒப்பிட்டது. படலத்தில் மட்டும் கொலஸ்டிராலின் எச்சம் மிகுந்திருந்தது. ஆகவே 55.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது ஒரு விலங்கே என்று அறிவித்தனர்.

நம் பாடநூல்கள் கண்டுபிடிப்புகளை மட்டுமே சொல்கின்றன. திருத்தப்பட்ட தவறுகளையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மாணவர் குழம்புவர் எனச் சிலர் அஞ்சலாம். ஆனால், விடையை மட்டும் கற்றவருக்கு, தம் அளவீடு அந்த விடையோடு ஒத்துவராதபோது என்ன செய்வதென்று தெரியாது. நோட்டில் உள்ள எண்ணை அழித்துவிட்டுப் பக்கத்து மாணவனின் எண்ணை எழுதிக்கொள்வார்!

அடுத்த முறை சுடர் மஞ்சளாக எரிந்தால் அதை மறைக்காதீர்கள். உள்ளபடியே எழுதுங்கள். கம்பியைச் சுத்தம் செய்து, உப்பில்லாமல் ஒருமுறை சுடரில் காட்டிப் பாருங்கள். பில்பராவில் விஞ்ஞானிகள் செய்ததும் அதுதான்.