மாட்டிக்கொண்டீர்களா, நல்லது!

அன்பு வாசகர்களே,

வீடியோ கேம் சிறப்பிதழ் வரப்போகிறது என்று அறிவித்ததிலிருந்து பல கடிதங்களில் ஒரே விசாரிப்பு: “அட்வென்சர் கேம் என்று ஒன்று இருந்ததே, இன்னும் உயிரோடு இருக்கிறதா?” கதைக்குள் நிதானமாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்ற அந்த வகையைத்தான் கேட்கிறீர்கள்.

இருக்கிறது. ஆபத்தில் இருப்பது வேறொன்று: மாட்டிக்கொண்டு முழிக்கும் அந்தச் சுகம்.

1970களின் நடுவில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர், தான் இறங்கி ஆராய்ந்த கென்டக்கி மாநிலத்து மம்மத் குகையை, மகள்கள் விளையாடுவதற்காக வெறும் எழுத்துகளால் கம்ப்யூட்டருக்குள் கட்டினார். படம் கிடையாது. விளக்கை எடு, வடக்கே போ என்று தட்டினால் பதில் வரும். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1980களில் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் இப்படிப்பட்ட எழுத்து விளையாட்டுகளோடு குறிப்புப் புத்தகங்களையும் விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து எழும்பும். முதல் வரியில் லேசாக ஒரு ஜாடை, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் முழு விடை. எத்தனை வரி தேய்ப்பது என்பது அவரவர் மானப் பிரச்சினை!

மாட்டிக்கொள்வதிலும் நியாயம் வேண்டும். 1999இல் வந்த கேப்ரியல் நைட் வரிசையின் மூன்றாவது கேமில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு நண்பனைப் போல வேஷம் போட வேண்டும். ஓர் ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அதன் வழியே ஓடவிட்டு, சிக்கிய முடியைப் பாகில் ஒட்டி மீசை செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது. அவனுடைய பாஸ்போர்ட்டில் நாமே பேனாவால் மீசை வரைய வேண்டும்! இப்படியெல்லாம் பாடாய்ப் படுத்தினால் யார்தான் பொறுப்பார்கள்? முப்பரிமாணத் துப்பாக்கி விளையாட்டுகள்தான் அட்வென்சரைக் கொன்றன என்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பூனை மீசைக்கும் பங்குண்டு என்றுதான் தோன்றுகிறது. பிறகு இணையம் வந்து, எல்லாப் புதிருக்கும் விடை ஒரு கிளிக்கில் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு ஆடுகிறவருக்குப் புதிர் வெறும் வேகத்தடைதான்.

2012இல் டெல்டேல் நிறுவனம் ‘தி வாக்கிங் டெட்’டில் புதிர்களைப் பெரும்பாலும் ஓரங்கட்டி, யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று நெஞ்சைப் பிசையும் முடிவுகளை வைத்தது. பிரமாதமாக ஓடியது. ஆனால் அதே பாணியைத் திரும்பத் திரும்பச் சுட்டதில் அலுப்பு வந்தது. 2018இல் நிறுவனமே கதவடைத்தது. அதே 2012இல், பழைய பாணி கேம் ஒன்று செய்ய, கேம் வடிவமைப்பாளர் டிம் ஷேஃபரின் குழு ரசிகர்களிடம் கேட்டது 4 லட்சம் டாலர். வந்தது 33 லட்சத்துக்கும் மேல். பாசம் பெரிதுதான். ஏக்கத்தை மட்டுமே நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

எனக்கு நம்பிக்கை தருவது லூகாஸ் போப் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்து 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. 1807இல் ஆளில்லாமல் கரைக்கு வரும் ஒரு கப்பல். அதில் போன 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர் விவரம் சரியாக அமைந்தால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். குருட்டாம்போக்கில் ஒன்றை அடித்துவிட்டுத் தப்ப முடியாது. உச்சரிப்பு, உடுப்பு, யார் பக்கத்தில் யார் படுக்கிறார் என்று உற்றுப் பார்த்தே ஆகவேண்டும். மாட்டிக்கொள்வதற்கு மரியாதை திரும்பியது இங்கேதான். 2022இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ வேறு வழி பிடித்தது. கதாநாயகன் கையிலேயே குறிப்புப் புத்தகம். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். இன்ஃபோகாமின் பேனாவுக்குப் பேரன்!

டொரன்டோவிலிருந்து 2023இல் வந்த ‘வெண்பா’வையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே பார்க்கிறேன். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேடு. விட்டுப்போன வரிகள்தான் புதிர்கள். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே முதல் கேள்வி. நம் வீட்டுப் பாட்டிமார் இதில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்! 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குத்தான் கிடைத்தது.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் கூட்டமாகத் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிறிய குழுக்கள் போதும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1994இல் வந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’யை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளோடு கம்ப்யூட்டரிலும் ஆடலாம், போனிலும் ஆடலாம். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். விடை அடுத்த இதழில்தான்.

அன்புடன்,
ஆசிரியர்