டி.டி.எஸ் மீட்டருக்குப் பெட்ரோல் தெரியாது! கிணத்துத் தண்ணியை எப்படி டெஸ்ட் பண்ணணும்?

ஆன்லைன்ல வாங்கின டி.டி.எஸ் மீட்டரை டம்ளர்ல வெச்சுப் பார்த்து, 'நம்பர் கம்மியா இருக்கு, தண்ணி ஓகே'னு முடிவு பண்றவரா நீங்க? ஒரு நிமிஷம். அந்த மீட்டர் தண்ணியில மின்சாரம் எவ்வளவு கடக்குதுனு பார்த்து, உப்பின் அளவைத்தான் கணக்குப் போடும். பெட்ரோல், டீசல் கலந்திருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது.

இது எங்கேயோ நடக்கிற விஷயமும் இல்லை. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, போர்வெல் தண்ணீரில் எரிபொருள் கலந்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள்ள இருக்கிற நிலத்தடி நீர்தான் குடிக்கவும் விவசாயத்துக்கும்.

சுன்னாகத்தில் பெரிய சண்டையே டெஸ்ட் ரிப்போர்ட் பற்றித்தான். தேசிய நீர் வழங்கல் சபையின் சோதனையில் பல கிணறுகளில் எண்ணெய், கிரீஸ் அளவு வரம்பை மீறியிருந்தது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அப்படிப்பட்ட ஆபத்து இல்லைனு சொன்னது. மக்கள் யாரை நம்புவாங்க? கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரணும்னு உத்தரவிட்டது.

ஒரே ஊர்த் தண்ணிக்கு ரெண்டு பதில் எப்படி வரும்? எண்ணெய் மேலே மிதக்கும். அதனால மேல்மட்டத்தில் எடுத்த மாதிரியும் ஆழத்தில் எடுத்த மாதிரியும் ஒண்ணா இருக்காது. பென்சீன் போன்ற பொருள்கள் சீக்கிரம் ஆவியாகிடும். பாட்டிலில் கொஞ்சம் காத்து இருந்தாலும் அளவு குறைஞ்சிடும். மழைக்கு முன்னாடி, பின்னாடினு ரிசல்ட்டும் மாறும். எதைத் தேடச் சொன்னோம்ங்கிறதும் முக்கியம். எண்ணெய், கிரீஸ் சோதனை வேற, பென்சீன் சோதனை வேற.

'வாசம் வந்தா தெரிஞ்சிடுமே?' அதையும் நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வெச்சிருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நம்ம மூக்கு கண்டுபிடிக்கிற அளவைவிட இது ரொம்பக் கம்மி. பென்சீன் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள். கொதிக்கவெச்சா, ஆவி கிச்சன் காத்துலதான் கலக்கும்.

சரி, நீங்க என்ன பண்ணலாம்? வீட்டுப் பக்கத்துல பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப், எண்ணெய்க் குழாய் இருந்தா, என்.ஏ.பி.எல் அங்கீகாரம் உள்ள லேப்ல 'பி.டெக்ஸ், டி.பி.எச் ரெண்டும் பார்க்கணும்'னு பேர் சொல்லிக் கேளுங்க. பழைய வாட்டர் பாட்டில் வேண்டாம். லேப் தர்ற கண்ணாடிக் குப்பியை வாங்குங்க. போர்வெல்லைச் சில நிமிஷம் ஓடவிட்டு, தேங்கின தண்ணி போனபிறகு, காத்துக்குமிழ் இல்லாம விளிம்புவரை நிரப்புங்க. ஐஸ் பெட்டியில வெச்சு சீக்கிரம் கொண்டுபோங்க. தேதி, நேரம், கிணத்து ஆழம் எழுதிவையுங்க.

பக்கத்து நாலு வீட்டோட சேர்ந்து ஒரே நாள்ல பண்ணினா இன்னும் நல்லது. ஒரு வீட்டு ரிப்போர்ட்டை 'தற்செயல்'னு தள்ளிடலாம், ஒரு தெருவோட ரிப்போர்ட்டைத் தள்றது கஷ்டம்.