குடியை விட்ட பெண் எங்கே போவாள்?

ஆண் குடித்தால் கெட்ட சகவாசம் என்கிறோம். பெண் குடித்தாலோ, மானம் போயிற்றென்று வீட்டில் பூட்டி, கோவிலில் கயிறு கட்டிவிடுகிறோம். கயிற்றுக்கு வைத்தியம் தெரியுமா? நெடுநாள் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து உயிரே போகக்கூடும். அப்போது வேண்டியவர் டாக்டரா, பூசாரியா?

1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை ஏற்பட்டது முதல் இதற்குச் சிகிச்சை நம்மிடமும் உண்டு. சிகிச்சைக்குப் பின்? விருத்தாசலம் பீங்கான் தொழிலாளியைக் கேளுங்கள். ஈரம் காயாத பாண்டத்தைச் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்பார். அதே வீடு, அதே ஏச்சு, அதே தெருக்கோடி டாஸ்மாக் கடை என்று அவளை உடனே அனுப்புவதும் அப்படித்தான். ஆகவே அத்தகைய பெண்கள் சில மாதம் சேர்ந்து வாழ ஒரு விடுதியும், இரவு பகல் அவர்களுடன் தங்கும் ஒரு வழிகாட்டிப் பெண்ணும் அவசியம்.

அவள் தானே குடித்து மீண்டவளாயிருப்பது மிக நலம். அமெரிக்காவில் 1935-இல் குடியை விட்டவர்களே இப்படி ஒருவருக்கொருவர் துணைநிற்கச் சங்கம் கண்டார்கள். கடவுளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், நடுநிசியில் தவிப்பவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மனிதரேயொழியக் கடவுளல்ல!

இவ்வேலையைப் "புண்ணியம்" என்று சொல்லிச் சோறு மட்டும் போடுவது மோசடியாகும். பயிற்சியும், சம்பளமும், வார ஓய்வும் கொடுக்கவேண்டும்.

1921-இல் நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்ததை மெச்சுகிறோம். கடைவாசலில் நிற்கப் பெண் வேண்டும்; மீள நினைக்கும் பெண்ணுக்கு மட்டும் ஒரு வாசலும் கிடையாதா?