போர்டு எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

தெருவில் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தனது சரக்கைத் திணிக்கக்கூடிய தொழில் ஒன்று உண்டென்றால் அது போர்டு எழுதும் தொழிலேயாகும். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினவன்தான் படிப்பான். பிரசங்கத்தைக் கேட்கப் போனவன்தான் கேட்பான். ஆனால் நாற்சந்தியில் கட்டின போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகூடப் படித்துவிடுகிறது. இவ்வளவு பலம் பொருந்திய ஒரு தொழிலை நடத்துகிறவர்கள் அப்பலத்தை எதற்கு உபயோகிக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டாமா?

முன்பு தகரத்திலும் துணியிலும் தூரிகை பிடித்து எழுதினார்கள். ஒரு பெரிய போர்டு முடியப் பல நாள் பிடிக்கும். ஆதலால் அவசியமுள்ளவன்தான் எழுதச் சொல்லுவான். இன்றோ தூரிகைக்காரர் பிழைப்புப் போய், பிளெக்ஸ் இயந்திரம் வந்துவிட்டது. காலையில் படத்தைக் கொடுத்தால் மாலையில் ஆளுயரத்துக்கு மேல் அடித்து வாங்கிக் கொள்ளலாம். இந்த வசதி அறிவைப் பரப்பவா உபயோகப்பட்டது? ஊருக்குள் சென்று பார்த்தால் தெரியும். பெரிய மனுஷியான பெண்ணின் படத்தைப் போட்டு, "பூப்புனித நீராட்டு விழா" என்று ஊரறியக் கட்டுகிறார்கள். ஒரு சிறு பெண்ணின் உடம்பில் இயற்கையாய் நடக்கும் காரியத்தைப் பஸ் நிறுத்தத்தில் விளம்பரம் செய்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டாமா? அப்பெண்ணின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? அதற்கடுத்த போர்டில் ஒரு ஜாதித் தலைவர் குருபூஜை. சிங்கம், வாள், "ஆண்ட பரம்பரை" என்ற வீம்பு. அதற்கடுத்ததில் செத்துப்போனவருக்குக் கண்ணீர் அஞ்சலி. அதிலும் அவர் பேருக்குப் பின்னால் ஜாதி வால்.

1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதன்படி அநேகர் தங்கள் பேரின் வாலை அறுத்தெறிந்தார்கள். தகப்பனும் பாட்டனும் அறுத்தெறிந்த வாலை இன்று பேரனுக்கு நாலு வர்ணத்தில் ஒட்டிக் கொடுப்பவர் யார் என்றால், இந்தப் பிளெக்ஸ் கடைக்காரரேயாவார்.

இதைக் கேட்டால் அவர்கள் சொல்லும் சமாதானம் என்ன? "காசு கொடுத்தவர் சொன்னதை அடிக்கிறோம், எங்களுக்கென்ன?" என்பதுதான். இது உண்மையா என்று பார்ப்போம்.

முதலாவது, இவர்கள் சொன்னதை மாத்திரமா அடிக்கிறார்கள்? இன்ன ஜாதிக்கு இன்ன வர்ணம், இன்ன மிருகம், இன்ன வசனம் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறார்கள். வந்தவன் பேரையும் படத்தையும் கொடுத்தால் போதும். ஜாதித் திமிரைக் கடைக்காரரே சேர்த்துக் கொடுத்து விடுகிறார். சரக்கைத் தயாரித்து வைத்துக்கொண்டு, வாங்குகிறவன் பேரில் பழி போடுவது என்ன நியாயம்?

இரண்டாவது, "அடிப்பவனுக்குப் பொறுப்பில்லை" என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. 1951-ம் வருஷத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவுப்படி, தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர் பேரும் விலாசமும் இருந்தாக வேண்டும். அச்சிடச் சொல்லுகிறவரிடம் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு தான் அச்சிட வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் இந்தப் பொறுப்பு இவர்களுக்கு நன்றாய்த் தெரிகிறது. தேர்தல் முடிந்ததும் எப்படி மறந்து போகிறது என்று கேட்கின்றோம். ஆகவே இவர்களுக்கு இல்லாதது பொறுப்பு அல்ல, பயமேயாகும். ஜெயிலுக்குப் பயப்படுகிறவர் மானத்துக்குப் பயப்படுவதில்லை.

மூன்றாவது, போர்டில் ஒரு சொல் இருந்தாலென்ன என்று சிலர் நினைக்கலாம். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் போர்டில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரே சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். பல மாதம் நாள் தவறாமல் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சிறை சென்ற பிறகுதான் அந்தச் சொல் இறங்கிற்று. அதை எழுதின கைக்குச் சில நிமிஷ வேலை. அழிக்க எத்தனை பேருடைய நாட்கள்!

இனி இந்தப் "எங்களுக்கென்ன" என்பதன் விலையையும் பாருங்கள். 2018 டிசம்பரிலேயே சென்னை உயர்நீதிமன்றம் இவ்விதப் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்திருந்தது. அப்படியிருந்தும் 2019 செப்டம்பர் 12-ந் தேதி பள்ளிக்கரணையில், ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக ரோட்டின் நடுவில் கட்டின பேனர், ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. அவர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிற்று. உயிர் போய்விட்டது. பிறகு மாநகராட்சி அதை அடித்த அச்சகத்துக்கும் சீல் வைத்தது. பிணம் விழுந்த பிறகு வருகிற பொறுப்பு, ஆர்டர் எடுக்கும்போதே வந்திருந்தால் அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரல்லவா?

நிற்க, இக்கடைகளின் உள்ளே போய்ப் பார்த்தாலும் வேடிக்கைதான். சீனாக்காரன் செய்து, ஜப்பான்காரன் செய்த மைத் தலை பொருத்திய இயந்திரத்துக்கு விபூதிப் பட்டை, குங்குமம், எலுமிச்சம்பழம்! அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவன் எந்த ஆயுத பூஜை செய்தான்? மை அடைத்துக்கொண்டால் மெக்கானிக்கைத் தானே கூப்பிடுகிறார்கள், பூசாரியையா? அறிவின் விளைவை வாங்கிவந்து அறியாமைக்கு அடிமையாக்குகிறவர், ஊர் முழுவதற்கும் அறியாமையை அடித்துக் கொடுப்பதில் ஆச்சரியமென்ன?

"கடன் வாங்கி இயந்திரம் போட்டிருக்கிறோம், நாங்கள் மறுத்தால் பக்கத்துக் கடைக்காரன் அடித்துக் கொடுப்பான்" என்கிறார்கள். கடன் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. தனி ஆளாக மறுத்தால் நஷ்டம்தான். ஆனால் சதுர அடிக்கு இன்ன விலைக்குக் குறைந்து வாங்கக் கூடாது என்று ஒன்று கூடிப் பேசுகிறவர்களுக்கு, ஜாதிப் போர்டு அடிப்பதில்லை என்று ஒன்று கூடிப் பேச மட்டும் வாய் வராதா? கடைப்பேர், டாக்டர் பேர், பள்ளிக்கூடம், வழிகாட்டிப் பலகை என்று யோக்கியமான வேலை இல்லாமலா போய்விட்டது?

ஆதலால் போர்டுக்காரத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். ஜாதிப் பட்டம் போட்டு அடிக்காதீர்கள். பூப்பு நீராட்டுக்குப் பெண் குழந்தையின் படத்தை அடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் ரோட்டில் நடுவதற்கென்றால் அடிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் போர்டு எழுதும் நீங்கள் இந்த மூன்றையும் எழுதி உங்கள் கடை வாசலிலேயே மாட்டி வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குகிறவன் இல்லாமல் விற்கிறவன் இல்லை. நம் வீட்டு விசேஷத்துக்குப் போர்டு வேண்டாம் என்று நாம் சொன்னால், அன்றைக்கே அந்த ஆர்டர் குறைந்தது. அதைச் செய்யாமல் கடைக்காரரை மாத்திரம் வைதுகொண்டிருந்தால், அவர் சொல்லும் "எங்களுக்கென்ன" என்பதைத் தான் நாமும் சொல்லுகிறோம் என்று அர்த்தம்.