விருதுநகர் மாவட்டத்தின் ஆறிலக்க எண்கள்

ராஜபாளையத்தின் பின்கோடு 626117 ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர வேறெதுவும் அதை மீதியின்றி வகுக்காது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமான 6 தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்த 626 விருதுநகர் வட்டாரம். கடைசி மூன்று அஞ்சலகத்துக்கு உரியவை. இவற்றைப் பெருக்கவோ வகுக்கவோ தபால்காரருக்குத் தேவையில்லை. ஆனால் முழு எண்ணை எதற்காக எழுதினாலும் அதன் குணம் மாறாது.

626117 பகா எண்தானா என்று சோதிப்பது நேரடியான வேலை. 791இன் வர்க்கம் 625681, 792இன் வர்க்கம் 627264. ஆகவே இதற்குக் காரணி இருந்தால் 791க்குள் ஒன்றாவது அகப்பட வேண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 138. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. 157 மிக அருகில் வரும்: 157 × 3988 = 626116, ஒன்று குறைகிறது. 241 × 2598 = 626118, ஒன்று கூடிவிடுகிறது.

நான்கால் வகுத்தால் 1 மீதி தரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். ஃபெர்மா 1640இல் கடிதமொன்றில் சொன்ன இதை அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். எண் கோட்பாட்டின் மிக அழகான முடிவுகளில் ஒன்று இது. ராஜபாளையத்துக்கு அந்த ஒரே வழி: 326² + 721².

ஆறு எண்கள் தள்ளிப் போனால் சிவகாசி. பட்டாசுப் பெட்டியிலும் தினசரிக் காலண்டரிலும் அச்சாகி நாடெங்கும் போகும் 626123, 43 × 14561 என்று பிரியும். இரண்டுமே பகா எண்கள். நான்கால் வகுத்தால் 626123 மீதி 3 தரும். அப்படிப்பட்ட எண் எதுவும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகாது.

விருதுநகரின் 626001 சற்று ஏமாற்றும். நான்கால் வகுத்தால் 1தான் மீதி, ஆனாலும் வர்க்கங்களாகப் பிரியாது. அதன் காரணிகள் 3, 208667 இரண்டும் மீதி 3 தரும் பகா எண்கள். அத்தகைய பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்தால்தான் பிரிக்க முடியும். இங்கே ஒவ்வொரு முறைதான் வருகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரின் 626125தான் இவற்றில் செழிப்பானது. அது 5 × 5 × 5 × 5009. நான்கு பகாக் காரணிகளும் மீதி 1 தருவதால் நான்கு வழிகள் திறக்கின்றன: 790² + 45², 771² + 178², 659² + 438², 605² + 510².

அருப்புக்கோட்டையின் 626101, ஏழால் மீதியின்றி வகுபடும், ஈவு 89443. அந்த ஈவு பகா எண்ணா என்பதை 300க்குள் உள்ள பகா எண்களால் வகுத்து வாசகர்களே பார்த்துவிடலாம்.