சோதனை முடிவு தீர்ப்பன்று

கருவுற்ற 11 முதல் 13 வாரங்களில் செய்யப்படும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், டவுன் நோய்க்குறி போன்ற குறைபாடுகளுக்கான வாய்ப்பை மட்டுமே கணிக்கின்றன. ஆயினும் அறிக்கையில் ‘அபாயம் அதிகம்’ என்று கண்டவுடனேயே பல குடும்பங்கள் நிலைகுலைந்துவிடுகின்றன. 250-இல் 1 என்றால், அத்தகைய 250 கருக்களில் ஏறத்தாழ 249-இல் அக்குறைபாடு இராது என்பதே பொருள்.

உறுதிசெய்ய, 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரைச் சிறிதளவு எடுத்து ஆராயலாம். அதனால் கருச்சிதைவு நேரும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. ஆகவே, மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிந்து தாயே முடிவெடுப்பதுதான் முறை.

குடும்பத்தாருக்கு ஒன்று: டவுன் நோய்க்குறி பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. “யார் வழியில் வந்தது?” என்று வினவாதீர்கள், அடுத்த ஆலோசனைக்கு அவருடன் வாருங்கள்.